புகைப்புரைக்குப் போன கம்ப்யூட்டர்கள்

சனிக்கிழமை மத்தியானம் குளோரி முன்னறைக் கதவைத் திறந்தாள். மேசை இருந்தது. சுவரில் பெரிய டி.வி. இருந்தது. மேசைமேல் இருக்கவேண்டிய கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட இல்லை.

வயர்களைக்கூட விட்டுவைக்காமல் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். தூசி படியாத சதுரங்கள் மட்டும் பலகையில் மிச்சமிருந்தன.

“மைனீ!” என்று கூப்பிட்டுக்கொண்டே அடுக்களைக்கு வந்தாள்.

நேசம்மாள் முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். குளோரியின் கணவர் செல்வதாஸுக்கு மூத்த அக்காள். தம்பி மகள் ஜின்சிக்கு வந்திருக்கும் வரனை முன்னின்று முடித்துவைக்கவேண்டும் என்று தம்பி வீட்டில் வந்து தங்கியிருப்பவள்.

“என்னட்டி, மத்தியான நேரத்துல சத்தம்?”

“எனக்க கம்ப்யூட்டரெல்லாம் எங்க?”

“செல்வதாஸ் எடுத்துட்டுப் போனான். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறாவ. அவிய இருக்கதுக்கு ஒரு ரூம் வேண்டாமா? அது பழைய சாமான் போடுத ஆக்கர் கடை மாதிரில்லா கெடந்துது.”

“எங்க எடுத்துட்டுப் போனாவ?”

நேசம்மாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். “பத்திரமாத்தான் இருக்கும். நீ போய் நல்ல சேலையா ஒண்ணு உடு.”

குளோரி அசையாமல் நின்றாள். போன வாரம் இதே அடுக்களையில் இரண்டு பேருக்கும் நடந்த வாக்குவாதத்தின் பதில் இது என்று அவளுக்குப் புரிந்தது.

குளோரி குவைத்தில் நர்ஸாக வேலை பார்த்தவள். இளமை முழுவதும் அங்கே போனது. வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஓர் எகிப்து டாக்டர் குடும்பம், கொண்டுபோக முடியாத சாமான்களோடு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. டி.வி.யில் சொருகினால் வேலை செய்யும். கீ போர்டின் ஒவ்வொரு கட்டையிலும் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அரபு எழுத்து. டியூட்டி முடிந்து வந்தால் மற்ற நர்ஸுகள் தூங்குவார்கள். குளோரி அதன் முன்னால் உட்கார்ந்து, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மொழியான பேசிக்கைத் தானே தட்டித் தட்டிப் படித்தாள். அவள் எழுதிய நாலு வரிக்குத் திரையில் ஒரு நட்சத்திரம் நகர்ந்த அன்று, அறையில் யாரையும் எழுப்பாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊருக்குத் திரும்பியபின் அப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தாள். உண்ணாமலைக்கடையில் இப்படி ஒரு பைத்தியம் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். இல்லை. மாவட்டத்தில் அங்கங்கே ஆட்கள் இருந்தார்கள். ‘பேசிக் குடும்பம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழுவே உருவாகிவிட்டது.

அந்தக் குழு ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. டார்வெல் என்று இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி. அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்து, பிறகு மூடிப்போய், இப்போது மறுபடியும் திறந்திருக்கிறார்கள். புது மாடல்களை இன்று சாயங்காலம் நாலரைக்கு நேரலையில் அறிவிக்கிறார்கள். இரண்டு மாடலா, மூன்றா? பழைய காசெட் புரோகிராம்கள் ஓடுமா? இந்தியாவுக்கு வருமா? கேட்டுக் கேட்டுக் குழுவில் சண்டையே வந்து, ஒருவர் வெளியேறி, மறுநாளே திரும்பி வந்தார்.

எல்லாரும் சேர்ந்து குளோரி வீட்டு டி.வி.யில் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அது தெரிந்த பிறகுதான் நேசம்மாள் அதே நாளில் பெண் பார்க்க வரச் சொன்னாள். ‘உனக்க கூட்டத்த வேற நாளைக்கி மாத்து’ என்றாள். ‘அறிவிப்பு நமக்காண்டி மாறாது மைனி, கூட்டம் நடக்கும்’ என்று குளோரி சொல்லிவிட்டாள்.

அதற்குத்தான் இந்தக் காலி மேசை.

“அம்மா.”

அடுக்களை வாசலில் ஜின்சி நின்றாள். குளித்த தலையில் துண்டு சுற்றியிருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையன் அபினேஷோடு இரண்டு வாரமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“அப்பா சிதறாலுக்குக் கொண்டு போனாவ. நம்ம புகைப்புரைக்கு.”

குளோரியின் முகம் வெளுத்தது. சிதறால் மலைக்குக் கீழே அவர்களுக்கு ரப்பர்த் தோட்டம் உண்டு. பாலை ஷீட்டாக அடித்துத் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டிப் புகையிலும் சூட்டிலும் உலர்த்துகிற அறைதான் புகைப்புரை.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.” ஜின்சி தரையைப் பார்த்தாள். “எனக்கு அபினேஷைப் பிடிச்சிருக்கும்மா. ஒரு நாளைக்கித்தானேன்னு இருந்துட்டேன்.”

பிடித்திருக்கிறது என்பதைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டிய அம்மா, அதற்கு நேரமில்லாமல் போனை எடுத்தாள். செல்வதாஸ் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

அடுத்து சபிதாவுக்கு அடித்தாள். சபிதா திருவட்டாறில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். பேசிக் குடும்பத்திலேயே வயதில் சிறியவள். இன்று அவளுக்கு லீவு.

“காரை எடுத்துட்டு வா பிள்ளே. சிதறாலுக்குப் போணும்.”

“எதுக்குக்கா?”

“வா. வழியில சொல்லுதேன்.”

நேசம்மாள் கரண்டியோடு திரும்பினாள். “ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வார நேரத்துல பெண்ணுக்கு அம்மை ஊரு சுத்தப் போறியா? நீ இப்ப வாசல் தாண்டுனா நான் ஜின்சி காரியத்துல எறங்க மாட்டேன், கேட்டியா?”

“எறங்காண்டாம்,” என்றாள் குளோரி. செருப்பைக் காலில் மாட்டினாள்.

*

காரில் சபிதா விஷயத்தைக் கேட்டு, “அடப்பாவி” என்று ஸ்டியரிங்கை அடித்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஒரு காரியம் சொல்லட்டா? இந்த நேரத்துல சொல்லக்கூடாதுதான்.”

“சொல்லு.”

“மூணு மாடல். உறுதியாச்சு. ஒண்ணுக்க படம் வெளிய வந்துட்டு.”

குளோரி சட்டென்று திரும்பினாள். “கீ போர்டு தெரியுதா?”

“பாதி தெரியுது. கட்டை எல்லாம் சரியான உயரம். பழைய மாதிரியே.”

“நிறம்?”

“கறுப்பு இல்ல. அந்தப் பழைய பால்நிறம்.”

“நான் சொன்னேம்லா?” என்றாள் குளோரி. அடுத்த கணம், இந்த நிலைமையில் தனக்குச் சிரிப்பு வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கொஞ்சம் வேகமாப் போ மக்கா.”

தோட்டத்து வளைவிலேயே தெரிந்துவிட்டது. புகைப்புரைக் கூரையிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஞானசிங் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். “என்ன தங்கச்சி, சொல்லாம கொள்ளாம?”

“பெட்டியெல்லாம் எங்க அண்ணே?”

“உள்ளதான். வெளிய ஷெட்டு ஒழுகுது. நனையாண்டாம்னு அண்ணாச்சிதான் உள்ள வச்சிட்டுப் போனாவ.”

“உள்ள வச்சிட்டுத் தீயும் போட்டிருக்கிய.”

“ஷீட்டு பச்சையால்லா கெடக்கு. தீ போடாண்டாம்னு ஆரும் சொல்லல்லியே.” அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். “இப்பத் தொறந்தா சூடெல்லாம் போயிரும். அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“அது எனக்க சாமான். எடுக்கதுக்கு ஆருகிட்டயும் கேக்காண்டாம். மாறுங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் ஞானசிங் விலகிவிட்டார்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. குளோரி முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கண் எரிந்து நீர் கொட்டியது. கம்பிகளில் தொங்கிய ஷீட்டுகள் தலையில் இடித்தன. குனிந்து தடவிக்கொண்டே போய், மூலையில் அட்டைப்பெட்டி கையில் பட்டபோது அது காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

ஒன்றை எடுத்து வெளியே வந்தாள். இருமினாள். மறுபடி போனாள். சபிதா வாசலில் நின்று வாங்கி வைத்தாள். அடுத்த தடவை குளோரி திரும்பியபோது ஞானசிங் தோளில் ஒரு பெட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், அண்ணாச்சியிடம் என்ன சொல்வது என்று யோசிப்பதுபோல் இருந்தது.

காருக்குள் வைத்துத் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கரிவாசம். காசெட்டுகள் சில நெளிந்து போயிருந்தன. அடியில் கிடந்தது குவைத் கம்ப்யூட்டர். அதன் மேல்மூடி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அரபு எழுத்துக் கட்டைகளில் இரண்டு, அழுத்தினால் மேலே எழவில்லை.

குளோரி அதை மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை கீழே வைக்கவில்லை.

*

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர்கள் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. இன்னும் முன்னறைக்குள் அழைக்கவில்லை; வெளி வராந்தாவான சிட்-அவுட்டில் நாற்காலிகள் நிறைந்திருந்தன.

சபிதா பிரேக்கை மிதித்தாள். குளோரியின் சேலை முழுக்கக் கரி. நெற்றியிலும் கன்னத்திலும் கரி. “அக்கா, பொறவாசல் வழியாப் போவமா? முகம் கழுவிட்டு வந்திரலாம்.”

குளோரி சிட்-அவுட்டைப் பார்த்தாள். நேசம்மாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். செல்வதாஸ் வெள்ளைச் சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“எனக்க வீட்டுக்கு நான் எதுக்குப் பொறவாசல் வழியாப் போணும்?” என்று இறங்கினாள்.

இரண்டு கையிலும் குவைத் கம்ப்யூட்டரை ஏந்திக்கொண்டு அவள் படியேறியபோது பேச்சு நின்றுபோனது.

மாப்பிள்ளையின் அம்மா கிரேசி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். “ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கதா சொன்னாவளே?”

நேசம்மாள் கண்ணால் கெஞ்சினாள். சொல்லிவிடாதே என்ற கெஞ்சல். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் சுமுகமாகிவிடும்.

“இல்ல,” என்றாள் குளோரி. “சிதறாலுக்குப் போனேன். எனக்க கம்ப்யூட்டரையெல்லாம் புகைப்புரையில கொண்டு போட்டிருந்தாவ. எடுத்துட்டு வாறேன். இரிங்க, முகம் கழுவிட்டு வந்திருதேன்.”

செல்வதாஸ் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கேட்டைத் திறந்துகொண்டு வைகுண்டராஜன் உள்ளே வந்தார். ஆரல்வாய்மொழியில் காற்றாலை பழுதுபார்க்கிறவர். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம். கையில் சாலிடரிங் பெட்டி. “டீச்சர், இடமிருக்கா, நாலரைக்கு இன்னும்…” என்று தொடங்கியவர் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குழுவில் எல்லாருக்கும் பேசிக் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவர் குளோரியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“உள்ள போய் இரிங்க அண்ணே,” என்றாள் குளோரி.

கிரேசிக்குப் பொறுக்கவில்லை. “தப்பா நெனைக்காண்டாம். இந்த வயசுல இதெல்லாம் என்னத்துக்கு? கம்ப்யூட்டர் வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கலாம்லா?”

“அதில்லம்மா,” என்று இடையில் பேசினான் அபினேஷ். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் கேட்டான். “ஆன்ட்டி, இது எதுக்குப் பயன்படும்?”

குளோரி யோசித்தாள். நல்ல காரணங்கள் நிறையச் சொல்லலாம். அறிவுக்கு நல்லது, ஞாபகசக்திக்கு நல்லது என்று.

“ஒண்ணுக்கும் இல்ல மக்கா,” என்றாள். “எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.”

கிரேசி சிரித்தாள். பக்கத்திலிருந்த கணவரிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: “சீதனமா நம்ம வீட்டுக்கும் நாலு பெட்டி வருமாட்டு இருக்கு.”

ஜின்சி டீத் தட்டோடு வாசற்படிக்கு வந்தது அப்போதுதான். பச்சைப் பட்டு, தலையில் பிச்சிப்பூ. அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. அபினேஷ் அவளைப் பார்த்தான். அவளும் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்த பார்வை. அவன் தன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

ஜின்சி தட்டை ஸ்டூலில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேரே படியிறங்கிக் காருக்குப் போனாள். ஒரு கரிப்பெட்டியைப் பட்டுச்சேலையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்தாள்.

“அம்மா, இத எந்தப் பக்கத்துல வைக்கணும்?”

“ஜின்சி!” என்றாள் நேசம்மாள்.

“கனமா இருக்கு மாமி. கொஞ்சம் வழி விடுங்க.”

மாப்பிள்ளை வீட்டார் டீ குடிக்காமலே எழுந்தார்கள். ‘கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்’ என்றார் அபினேஷின் அப்பா. கார் கிளம்பும்வரை அபினேஷ் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

நாலரைக்கு முன்னறையில் நாலு பேர் இருந்தார்கள். மழை பலத்துவிட்டதால் குழுவின் மற்றவர்கள் வாட்ஸ்அப்பிலேயே கத்திக்கொண்டிருந்தார்கள். குளோரி ஒவ்வொன்றாக டி.வி.யில் சொருகிப் பார்த்தாள். மற்றவையெல்லாம் விழித்துக்கொண்டன. குவைத் கம்ப்யூட்டர் மட்டும் விளக்கு எரியாமல் கிடந்தது.

“பவர் போர்டாத்தான் இருக்கும். நான் பாக்கேன் டீச்சர்,” என்றார் வைகுண்டராஜன். நம்பிக்கையோடு சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

திரையில் டார்வெல் வந்தது. நரைத்த தலை இஞ்சினியர் ஒருத்தி துணியை விலக்கினாள். மூன்று மாடல்கள். பால்நிறம்! சபிதா கைதட்டினாள். பழைய காசெட்டும் ஓடும் என்றபோது வைகுண்டராஜன் எழுந்தே நின்றுவிட்டார். இந்தியாவுக்கும் அனுப்புவோம் என்றபோது ஜின்சிக்கும் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

பிறகு கீ போர்டு எழுத்துகளின் பட்டியல் ஓடியது. அரபு இருந்தது. இந்தி இருந்தது. மேலும் பல இருந்தன. கடைசி வரிவரை பார்த்தார்கள். தமிழ் இல்லை.

“தமிழ் வேணும்னு இத்தனை பேரு மெயில் எழுதுனோமே,” என்றாள் சபிதா. அறை சப்பென்று ஆகிவிட்டது.

குளோரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கட்டையைக் கழத்தி மாத்தலாம்னு சொன்னாவளா இல்லியா?”

“சொன்னாவ.”

“அப்ப நாமளே செய்வோம். ஒரு கட்டை விடாம தமிழ். செஞ்சு அவியளுக்கே ஒரு செட்டு அனுப்பி வைப்போம். அரபு எழுத்துமேல வெரல வச்சுப் படிச்சவ நான். எனக்கு அவிய என்ன வழி மறிக்கது?”

வைகுண்டராஜன் போனை எடுத்துக் குழுவில் அதை அப்படியே எழுதினார். அடுத்த நிமிஷம் போன் விடாமல் அதிரத் தொடங்கியது.

வாசலில் நிழல் தட்டியது. செல்வதாஸ். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“குளோரி, ஞானசிங் தீ போடுவான்னு நான் நெனைக்கல்ல.”

“தீ போடாட்டாலும் தப்புதான்.”

“அக்கா சொல்லிச்சுன்னுதான்…”

“நீங்க எனக்கிட்ட கேட்டிருந்தா நான் கூடாதுன்னு சொல்லியிருப்பேன். அதனாலதான கேக்காமப் போனிய?”

இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அவர் மெதுவாக உள்ளே வந்து, நெளிந்துபோன காசெட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது நேசம்மாள் கையில் போனோடு வந்தாள். அழுதிருந்தாள்போல.

“கிரேசியாக்கும். எனக்கிட்ட பேசமாட்டேங்கா. ஜின்சிகிட்டத்தான் பேசணுமாம். தனியா பேசணுமாம்.” போனை நீட்டினாள். “மக்கா, தணிவாப் பேசு. மாமி சொல்லுதேன். உள்ள போய்ப் பேசு.”

ஜின்சி போனை வாங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். குளோரி தலையசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உன் இஷ்டம் என்பதுபோல இருந்தாள்.

ஜின்சி உள்ளே போகவில்லை. கரி படிந்த பட்டுச்சேலையோடு அம்மாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“சொல்லுங்க ஆன்ட்டி. எங்க அம்மா பக்கத்துலதான் இருக்காவ. அவியளும் கேக்கட்டும்.”